புதைத்த கம்பியா, செயற்கைக்கோள் பட்டையா, கண்ணுக்குத் தெரியும் வேலியா? பழைய நாய் வேலி பழுதாகும்போது எடுக்க வேண்டிய முடிவு

வட கரோலைனாவின் கேரி, ஏபெக்ஸ், மோரிஸ்வில் போன்ற ஊர்களில் பழைய வீடு ஒன்றை வாங்குகிற தமிழ்க் குடும்பத்துக்குச் சில வேளைகளில் வீட்டோடு சேர்ந்து ஒரு நிலத்தடி நாய் வேலியும் வந்துவிடுகிறது. கராஜ் சுவரில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி மாட்டியிருக்கும்; அதிலிருந்து முறுக்கிய இரட்டைக் கம்பி சுவர்த் துளை வழியே வெளியேறி, புல்தரைக்கு அடியில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் மனையைச் சுற்றி ஓடி, மீண்டும் அதே பெட்டிக்குத் திரும்பியிருக்கும். நாய் இந்தக் கம்பியை நெருங்கினால், அதன் கழுத்திலுள்ள பட்டை முதலில் பீப் ஒலியாலும் பிறகு ஷாக்காலும் அதை நிறுத்தும். நாங்கள் 2016இல் வாங்கிய வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அடுத்த ஆண்டு காப்பகத்திலிருந்து ஒரு வேட்டைநாய்க் கலப்பினப் பெண் நாயை எடுத்து வந்து செம்பி என்று பெயரிட்டோம். இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று, புதிய கழுத்துப்பட்டை ஒன்றை மட்டும் வாங்கி அந்த வேலியை மறுபடி இயங்க வைத்தோம். ஐந்து ஆண்டுகள் அது உழைத்தது. பிறகு ஒரே கோடையில் இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை அறுந்தது. பழுதுபார்த்துத் தொடர்வதா, புதிய கம்பி புதைப்பதா, செயற்கைக்கோள் வழியாக இருப்பிடம் அறிந்து இயங்கும் கழுத்துப்பட்டைக்கு மாறுவதா, கண்ணுக்குத் தெரியும் வேலியை எழுப்புவதா என்ற கேள்வி அப்போது வந்தது. இதே கேள்வியோடு நிற்பவர்களுக்காக, நாங்கள் ஒவ்வொன்றையும் எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

விலை, பரப்பு, தோற்றம் ஆகியவற்றை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள்; ஒப்பிட வேண்டியதுதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் நான் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த வேலி பழுதானால் அது முதலில் தெரியப்போவது எனக்கா, என் நாய்க்கா? இந்தக் கேள்வியை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. செம்பி தெருவின் நடுவில் நின்றதைப் பார்த்த நாளில் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் தெருவில் இணையக் கம்பி பதிக்க வந்த ஒரு நிறுவனத்தின் ஆட்கள் முன்புறப் புல்தரையைக் கீறிக்கொண்டு போனபோது நாய் வேலியின் கம்பியையும் அறுத்துவிட்டார்கள். கராஜிலிருந்த பெட்டி உடனே ஒலியெழுப்பத் தொடங்கியிருக்க வேண்டும். வீட்டுக்குள் மெல்லியதாகக் கேட்ட அந்த ஒலியை, பேட்டரி தீர்ந்த புகை எச்சரிக்கைக் கருவியின் ஒலி என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்; வார இறுதியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். முதல் இரண்டு நாட்கள் செம்பி எல்லையைத் தாண்டவில்லை. பழகிய நினைவே அவளை நிறுத்தி வைத்தது. மூன்றாம் நாள் மாலை மான்கூட்டம் ஒன்று எதிர்வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, அவள் எல்லைவரை ஓடி, வழக்கமான பீப் ஒலி வராததைக் கவனித்து, ஒரு கணம் நின்று, பிறகு பாய்ந்தாள். அந்தப் பக்கம் வந்த காரின் ஓட்டுநர் சரியான நேரத்தில் பிரேக் போட்டார். அவளுக்குக் காயம் எதுவும் இல்லை. வேலி செத்துக் கிடந்ததை எங்களுக்கு முன்பே அவள் தெரிந்துகொண்டாள் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

பழைய கம்பியைப் பேணித் தொடர்வது

இந்த வழியைச் சரியாக மதிப்பிட வேண்டுமானால் வேலி இயங்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். கராஜிலுள்ள டிரான்ஸ்மிட்டர் கம்பி வளையத்துக்குள் சில கிலோஹெர்ட்ஸ் அளவுள்ள, குறைந்த அதிர்வெண் சைகை ஒன்றை அனுப்புகிறது. கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்காது. கம்பியைச் சுற்றி உண்டாகும் புலத்தைக் கழுத்துப்பட்டையிலுள்ள ரிசீவர் உணர்ந்து முதலில் பீப் ஒலி தருகிறது, நாய் மேலும் முன்னேறினால் தன் பேட்டரியிலிருந்தே இரண்டு உலோக முனைகள் வழியாகக் கழுத்தில் ஷாக் தருகிறது. வளையம் எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் சைகை நின்றுவிடும். வீட்டுக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட பகுதியில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுவதால் அங்கே புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். அதனால் நாய் அந்த இடத்தைத் தடையின்றிக் கடக்க முடியும். இந்த முறைக்கு அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் 1973இல் காப்புரிமை பெற்றார். அரை நூற்றாண்டில் பெட்டியும் பட்டையும் சிறுத்திருக்கின்றன, அடிப்படை மாறவில்லை.

கம்பி கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான். நடைபாதை ஓரத்துப் புல்லை வெட்டும் கருவி, இலையுதிர்காலத்தில் புல்தரையைத் துளையிடும் எந்திரம், பூச்செடி நட இறங்கும் மண்வெட்டி ஆகியவை முதல் எதிரிகள். எங்கள் வட்டாரத்துச் செம்மண் களி கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் மீண்டும் உப்பும். அந்த அசைவில் பழைய இணைப்புகள் இழுபட்டுத் தளர்கின்றன. எலி, அணில் வகைகள் உறையைக் கடிக்கும். இடிமின்னல் மிகுந்த இப்பகுதியில் மின்னல் தாக்கும்போது கம்பியும் பெட்டியும் ஒன்றாகக் கருகிப்போவதும் உண்டு. எனவே நிலத்தொடர்பு கொடுத்த மின்னெழுச்சித் தடுப்பான் இல்லாமல் இந்த வேலியை வைத்திருக்கக் கூடாது. பலத்த இடி வருவதாக அறிவிப்பு இருந்தால் பெட்டியின் மின்செருகியையும் எல்லைக் கம்பியின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

கம்பி முழுதாக அறுந்தால் பெட்டி ஒலியெழுப்பிச் சொல்லிவிடும். அதைவிட ஆபத்தானது அரைகுறைப் பழுது. இணைப்பு ஒன்றில் ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்திருந்தாலோ, உறை உரிந்து சைகை மண்ணில் கசிந்தாலோ பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரியும். எல்லையில் பீப் கேட்கும் தூரம் மட்டும் ஆறு அடியிலிருந்து இரண்டு அடியாகச் சுருங்கியிருக்கும். ஓடி வரும் நாய் அந்த இரண்டடியை ஒரு தாவலில் கடந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளை நான் கடைப்பிடித்தேன். முதலாவது, வாரம் ஒருமுறை பட்டையைக் கையில் பிடித்து, நாயின் கழுத்து உயரத்தில் வைத்து, எல்லையை நோக்கி நடந்து, எத்தனை அடியில் பீப் வருகிறது என்று நான்கு திசைகளிலும் பார்ப்பது. அப்படி நடக்கும்போது உலோக முனைகளில் விரல் படக் கூடாது. இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறை மல்ட்டிமீட்டரால் கம்பி வளையத்தின் மின்தடையை அளந்து சுவரில் குறித்து வைப்பது. 20 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) செப்புக் கம்பிக்கு 1000 அடிக்கு ஏறத்தாழ 10 ஓம் தடை உண்டு. 18 கேஜுக்கு அது 6.4 ஓம். எங்கள் அரை ஏக்கர் மனையைச் சுற்றி ஏறக்குறைய 600 அடி 20 கேஜ் கம்பி ஓடியதால் மீட்டர் 6 ஓம் அளவில் காட்ட வேண்டும். அது 15, 20 என்று ஏறினால் எங்கோ ஓர் இணைப்பு அரித்துக்கொண்டிருக்கிறது. முடிவிலி என்று காட்டினால் அறுந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகாத இந்த வேலையை, வேலி போட்டுக் கொடுத்த எவரும் வீட்டுக்காரருக்குச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அறுந்த இடத்தைத் தேடுவதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் எல்லைக் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு சிறு கம்பித்துண்டைப் பெட்டியின் இரு முனைகளிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை நின்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, குறை மண்ணுக்குள்தான். பிறகு அண்மையில் தோண்டிய இடங்களைப் பார்க்கலாம். அங்கே கிடைக்காவிட்டால், நீளமான சோதனைக் கம்பி ஒன்றைக் கொண்டு வளையத்தைப் பாதியாகவும், பிறகு கால்பகுதியாகவும் பிரித்துச் சோதித்தால் பழுதான பகுதி பிடிபட்டுவிடும். கிடைத்த முனைகளைச் சாதாரண மின்நாடாவால் சுற்றிப் புதைப்பதுதான் பலர் செய்யும் பிழை. அது ஓரிரு மழைக்காலத்துக்கே தாங்கும். உள்ளே நீர்விலக்கும் களிம்பு நிரப்பிய, மண்ணுக்குள் புதைப்பதற்கென்றே செய்த இணைப்புக் குப்பிகளைப் பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவும் கம்பிக்கு. பட்டைக்கான பராமரிப்பு இதைவிட முக்கியம். ஏனெனில் அது ஓர் உயிரின் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. முனைகள் தோலில் படாமல் தளர்ந்திருந்தால் வேலியே இல்லை. இறுகியிருந்தால் தொடர்ந்த அழுத்தத்தால் தோல் புண்ணாகும். இந்தப் புண்ணை மின்சாரம் சுட்ட காயம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நாள்முழுதும் கழற்றாத பட்டையின் அழுத்தம் செய்த வேலை. முனைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கி, நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அணிவிக்காமல், இரவில் கழற்றி, வாரம் ஒருமுறை கழுத்தையும் முனைகளையும் துடைத்துப் பார்ப்பது கட்டாயம். அடர்ந்த முடியுள்ள நாய்க்கு நீள முனைகள் வேண்டும். நடைப்பயிற்சிக் கயிற்றை இந்தப் பட்டையில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அதற்குத் தனிப் பட்டை வேண்டும்.

ஆக, பழைய கம்பியைத் தொடர்வது செலவில் மிகக் குறைந்தது. கவனத்தில் மிக உயர்ந்தது. ஓரிடத்தில் அறுந்து, மற்ற இடங்களில் மின்தடை சரியாக இருந்தால் ஒட்டுப்போட்டுத் தொடரலாம். ஒரே ஆண்டில் மூன்றாவது ஒட்டு விழுகிறதென்றால் உறை முழுவதும் முதுமையடைந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஒட்டுப்போடுவது நாயின் உயிரை வைத்துச் செய்யும் சிக்கனம்.

புதிய கம்பி புதைப்பது

கடையில் கிட்டோடு வரும் 20 கேஜ் மெல்லிய கம்பிக்குப் பதில், 14 அல்லது 16 கேஜ் கம்பியை, நேரடியாகப் புதைக்கத் தகுந்த தடித்த பாலிஎத்திலீன் உறையோடு வாங்கிப் போட்டால் ஆயுள் பல ஆண்டுகள் கூடும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டும். வாகனப்பாதையைக் கடக்கும் இடத்தில் கான்கிரீட்டின் விரிவு இடுக்கில் கம்பியை வைத்து மேலே அடைப்புப் பசை பூசலாம். பக்கத்து வீட்டிலும் இதே போன்ற வேலி இருந்தால் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே சில அடிகள் இடைவெளி தேவை. இல்லாவிட்டால் சைகைகள் ஒன்றையொன்று கெடுக்கும். தானே புதைப்பவருக்குச் சில நூறு டாலரும் ஒரு வார இறுதியும் செலவாகும். ஆள் வைத்துச் செய்தால் எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடுகள் 1500 டாலரை ஒட்டியிருந்தன.

எனினும் கம்பி எவ்வளவு தரமாக இருந்தாலும் இந்த முறைக்கே உரிய மூன்று குறைகள் மாறுவதில்லை. முதலாவது, அது நம் நாயை உள்ளே நிறுத்த முயல்கிறதே தவிர, வெளியிலிருந்து வருவதை நிறுத்துவதில்லை. வட கரோலைனாவின் 100 மாவட்டங்களிலும் ஓநாய் வகைக் காட்டுவிலங்கான கயோட்டிகள் உண்டு. சிறிய நாய் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. இரண்டாவது, மானையோ முயலையோ துரத்தும் வேகத்தில் ஷாக்கைப் பொறுத்துக்கொண்டு வெளியேறிவிடும் நாய், துரத்தல் முடிந்த பிறகு அமைதியான மனநிலையில் திரும்பி வரும்போது அதே ஷாக்குக்கு அஞ்சி வெளியிலேயே நின்றுவிடும். மூன்றாவது, எல்லையோரத்தில் தெருவில் போகும் குழந்தையையோ வேறு நாயையோ பார்க்கும் அதே கணத்தில் ஷாக் வாங்கும் நாய், அந்த வலிக்குக் காரணம் எதிரே நிற்பவர்தான் என்று கற்றுக்கொள்ளக்கூடும். இத்தகைய வேலிகளுள் இருந்த நாய்கள் மனிதரைத் தாக்கிய ஐந்து நிகழ்வுகளை ரிச்சர்ட் போல்ஸ்கி 2000இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார். ஓஹையோவில் 974 நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி 2017இல் வெளியான ஆய்வில், மின்னணு வேலி கொண்ட நாய்களில் 44 விழுக்காடு எப்போதாவது தப்பியிருந்தன. கண்ணுக்குத் தெரியும் வேலிக்குள் இருந்தவற்றில் அது 23 விழுக்காடு. அதே ஆய்வு, மின்னணு வேலிக்கும் கடிப்பதற்கும் தொடர்பு காணவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

வலியைக் கொண்டு கற்பிப்பதைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது. வேல்ஸ் நாடு 2010இலேயே மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டைகளைத் தடைசெய்தது. எல்லை வேலிக்கான பட்டைகளும் அதில் அடக்கம். விலங்கு நடத்தையியலில் ஈடுபடும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டறிக்கையில், பரிசளித்துக் கற்பிக்கும் முறைகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. செம்பிக்கு அணிவிக்கும் முன் ஒவ்வோர் அளவையும் என் முன்கையில் வைத்துப் பார்த்தேன்; கீழளவில் எறும்பு கடித்தாற்போல் இருந்தது, மேலளவில் கையை உதறினேன். பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலான நாய்கள் பீப் ஒலியிலேயே திரும்பக் கற்றுக்கொள்ளும்: எல்லை நெடுகச் சிறு கொடிகள் நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்தபடி, நாளுக்கு இரண்டு மூன்று முறை பத்துப் பதினைந்து நிமிடங்கள், இரண்டு முதல் நான்கு வாரம். அந்தப் பொறுமை இல்லாமல், பட்டையை மாட்டிவிட்டு நாயே தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவது கொடுமை. அப்படி விடுபவர்களுக்கு இந்த வேலி வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்வேன். ஆறு மாதம் நிறையாத குட்டிக்கும், இயல்பிலேயே அஞ்சி நடுங்கும் நாய்க்கும், ஏற்கெனவே யாரையாவது கடித்த நாய்க்கும் இது பொருந்தாது.

கம்பியில்லாத இரு வழிகள்

வீட்டுக்குள் வைக்கும் டிரான்ஸ்மிட்டரைச் சுற்றி வட்ட எல்லை அமைக்கும் கருவியை விரைவாகவே விலக்கிவிட்டோம். 90 அடி ஆரம் கொண்ட வட்டம் அரை ஏக்கருக்குச் சற்று மேல், மனைகளோ நீள்சதுரம். வட்டத்தைப் பெரிதாக்கினால் தெருவையும் பக்கத்து மனையையும் சேர்த்துக்கொள்கிறது, சிறிதாக்கினால் வாசலருகிலேயே எல்லை வந்துவிடுகிறது. சரிவான நிலமும் உலோகத் தகடு வேய்ந்த சுவரும் சைகையைத் திரிக்கின்றன. வாடகை வீட்டில் ஓராண்டு இருப்பவருக்கு இது பயன்படலாம்.

செயற்கைக்கோள் பட்டை அப்படி எளிதில் விலக்கக்கூடியது அன்று. ஹேலோ, ஸ்பாட்ஆன் போன்ற பெயர்களில் வரும் இவற்றில், எல்லையைக் கைப்பேசியில் வரைந்தோ மனையைச் சுற்றி நடந்தோ பதிந்துவிடலாம். அறுவதற்குக் கம்பி இல்லை. நாய் வெளியேறினால் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும். புதைத்த கம்பியால் இது முடியாது. பழுது யாருக்கு முதலில் தெரியும் என்ற என் கேள்விக்கு இது பாதி விடை தருகிறது: பேட்டரி குறைந்தாலும் நாய் எல்லை தாண்டினாலும் கைப்பேசி சொல்லும்.

எங்களுக்கு இடித்தது நிலத்தின் அளவு. திறந்த வெளியிலேயே இருப்பிடக் கணிப்பு சில அடிகள் பிசகும்; எங்கள் கொல்லைப்புறத்தைப் போல உயர்ந்த பைன் மரங்கள் சூழ்ந்த இடத்திலும், இரண்டு மாடி வீடுகள் நெருங்கிய இடத்திலும் அந்தப் பிசகு கூடும். ஐந்து ஏக்கர் பண்ணையில் பத்தடி பிசகுவது பொருட்டே இல்லை. நடைபாதைக்கும் வாசலுக்கும் நடுவே முப்பதடி மட்டுமே உள்ள மனையில், எல்லை நேற்று ஓரிடத்திலும் இன்று வேறிடத்திலும் இருந்தால் நாய் எதைக் கற்றுக்கொள்ளும்? எங்கே ஷாக் வரும் என்று முன்கூட்டி அறிய முடியாத நாய், வீட்டைவிட்டு இறங்கவே மறுக்கும் நிலைக்குப் போகலாம். இதனோடு, நாள்தோறும் மின்னேற்ற வேண்டிய தேவையும், மாதச் சந்தாவும், பட்டைக்கே சில நூறு டாலர் விலையும் சேர்கின்றன. நகரத்துக்கு வெளியே பிட்ஸ்பரோ பக்கம் பெரிய நிலம் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவருக்கு இதையே நான் பரிந்துரைத்தேன். எங்கள் தெருவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணுக்குத் தெரியும் வேலி

இதன் முதல் தடை பணம் என்று எண்ணியிருந்தேன். முதல் தடை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிப்புத்தகமாக இருந்தது. முன்புறத்தில் வேலியே கூடாது. பின்புறத்தில் நான்கடி உயரக் கறுப்பு அலுமினியம் அல்லது சொன்ன நிறத்தில் மரம். வீட்டின் பின்சுவர் மூலைகளைத் தாண்டி முன்னே வரக் கூடாது. வரைபடத்தோடு விண்ணப்பித்து ஒப்புதல் வர ஐந்து வாரம் ஆயிற்று. இந்த விதிகள்தான் பல குடும்பங்களை நிலத்தடிக் கம்பியை நோக்கித் தள்ளுகின்றன. முழு மனைக்கும் வேலி கிடைக்காது என்று தெரிந்ததும் அவர்கள் முயற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். நாய்க்கு முழு மனை தேவையில்லை என்பதை நாங்களும் தாமதமாகத்தான் உணர்ந்தோம். கொல்லைப்புறத்தில் ஐம்பதுக்கு அறுபதடி இடம், நிழல், தண்ணீர் இருந்தால் அவளுக்குப் போதும்; முன்புறத் தெரு நமக்கு வேண்டும், அவளுக்கு வேண்டியதில்லை.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாயின் இயல்பைப் பார்க்க வேண்டும். தெருவைப் பார்த்தாலே குரைக்கும் நாய்க்கு இடைவெளியில்லாத ஆறடிப் பலகை வேலி அமைதி தரும். தாண்டாத, தோண்டாத நாய்க்குச் சங்கிலி வலையே போதும். பல சங்கங்கள் அதை அனுமதிப்பதில்லை. அலுமினியக் கம்பிகளின் இடைவெளியில் சிறு இன நாய்களும் குட்டிகளும் நுழைந்துவிடும் என்பதால் கீழ்ப்பகுதியில் வலை அடிக்க வேண்டும். மண்ணைத் தோண்டி வெளியேறும் நாய்க்கு, வேலியின் அடியில் வலையை எல் வடிவில் உட்புறமாக மடித்து மண்ணுக்குள் படுக்க வைத்தால் தோண்டுவதை நிறுத்திக்கொள்ளும். ஒவ்வொரு கம்பத்தின் நீளத்திலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழைப்பது சட்டப்படி கட்டாயம். எரிவாயு, மின்சாரம், இணையம் ஆகியவற்றின் தடங்களை இலவசமாக வண்ணமிட்டுக் காட்டுவார்கள், இங்கே அதற்கு மூன்று வேலை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த வண்ணக்கோடுகளில் நம் நாய் வேலியின் கம்பி இருக்காது. அது தனியார் பொருள், யார் வரைபடத்திலும் இல்லை. எங்கள் கம்பியை இணைய நிறுவனத்தார் அறுத்ததற்கும் அதுவே காரணம். இப்போது நிலத்தடி வேலி வைத்திருப்பவர்கள், தெருவில் 811 கொடிகள் நடப்படுவதைப் பார்த்தவுடன் தங்கள் கம்பி ஓடும் இடத்தில் தாங்களே கொடி நட்டுவைத்தால் நான் பட்டதைப் படாமல் தப்பலாம்.

எங்கள் வேலிக்கு, வாயிற்கதவு உட்பட, 7000 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. நிலத்தடிக் கம்பியின் விலையோடு பார்த்தால் நான்கு மடங்குக்கும் மேல். பராமரிப்போ மிக எளிது: மரமாக இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர்விலக்கும் பூச்சு, புயலுக்குப் பின் ஒரு சுற்று நடந்து சாய்ந்த கம்பம் உண்டா என்று பார்ப்பது. உண்மையான பலவீனம் வாயிற்கதவில் இருக்கிறது. மின்மீட்டர் பார்க்க வருபவரும் புல்வெட்ட வருபவரும் பந்து எடுக்க வரும் பிள்ளைகளும் அதைத் திறந்துவிட்டுப் போவார்கள். தானே மூடிக்கொள்ளும் கீலும், குழந்தை கைக்கு எட்டாத தாழ்ப்பாளும் போட்டதோடு, புல்வெட்டும் நாட்களில் நாயை வெளியே விடுவதில்லை என்று வழக்கமாக்கிக்கொண்டோம். கதவு திறந்திருந்தால் சமையலறைச் சன்னலிலிருந்தே எனக்குத் தெரிகிறது. என் கேள்விக்கு முழு விடை தந்தது இந்த வேலி ஒன்றுதான்.

வேலியே இல்லாமல், நாளுக்கு மூன்று முறை கயிற்றில் அழைத்துச் செல்வதும் முறையான தேர்வுதான். அடுக்ககத்தில் வாழும் குடும்பங்கள் அதைத்தானே செய்கின்றன. நேரமும் உடல்நலமும் உள்ளவருக்கு எல்லா வேலியையும்விட அது மேல். மரத்தில் கட்டிப்போடுவதை மட்டும் நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைச் சட்டத்தாலேயே கட்டுப்படுத்துகின்றன.

எந்த வேலியும் தடுக்காதவை

வேலியைப் பற்றி இவ்வளவு யோசித்த எங்கள் வீட்டில், செம்பியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வைத்தது சமையலறை. பாயசத்துக்கு வைத்திருந்த உலர்திராட்சைப் பொட்டலத்தை மேசையிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டாள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று நாய்க்கு நாய் மாறுவதால், கொஞ்சம்தானே என்று காத்திருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால் சாம்பார் கலந்த மீதிச் சோற்றை அன்போடு வைப்பதும் தவறு. சர்க்கரையில்லாப் பபிள்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் உள்ள சைலிட்டால், சாக்லேட், இபுபுரோஃபென் மாத்திரை, கராஜில் சிந்திய காரின் உறைதடுப்பு நீர், எலி மருந்து ஆகியவை எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. பூனையும் உள்ள வீட்டில் லில்லிப் பூங்கொத்தை வைக்கவே கூடாது. அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. நஞ்சு தின்ற விலங்குகளுக்காக 24 மணி நேரமும் இயங்கும் ஏஎஸ்பிசிஏ அமைப்பின் தொலைபேசி எண்ணைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

எங்கள் பகுதியின் கொல்லைப்புறங்களில் காப்பர்ஹெட் விரியன்கள் இயல்பாகவே வாழ்கின்றன. புதைத்த கம்பியோ பலகை வேலியோ அவற்றைத் தடுக்காது. விறகு அடுக்கையும் சருகுக் குவியலையும் நாய் உலவும் இடத்திலிருந்து அகற்றினால் அவை ஒளிய இடம் குறையும். அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 இரவு வாணவேடிக்கையில் மிரண்ட நாய் நான்கடி வேலியையும் தாண்டும், ஷாக்கையும் பொருட்படுத்தாது. அன்று மாலையிலிருந்து அவள் சன்னல் மூடிய அறையில் எங்களோடு இருப்பாள். இவை எல்லாம் தவறிப்போய் வெளியேறிவிட்டாலும் திரும்பக் கிடைக்க, தோலுக்கடியில் அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப்பும், பட்டையில் எங்கள் கைப்பேசி எண் பொறித்த வில்லையும் உள்ளன. சிப்பைப் பதித்துவிட்டு, வீடோ எண்ணோ மாறியபோது பதிவைத் திருத்தாமல் விட்டவர்கள் நிறையப் பேர். நாங்களும் இரண்டாண்டு அப்படி இருந்தோம்.

இதே முடிவின் முன் நிற்பவர் என்னிடம் கேட்டால், மனையின் அளவையும் சங்கத்தின் விதியையும் முதலில் கேட்பேன், பிறகு நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆளில்லாமல் வெளியே இருக்கும் என்று கேட்பேன். ஆளில்லாமல் விடுவதாக இருந்தால் கொல்லைப்புறத்தில் சிறிதாகவேனும் கண்ணுக்குத் தெரியும் வேலி. அது எவ்வகையிலும் கிடைக்காதென்றால், ஆள் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் தடித்த கம்பியில் நிலத்தடி வேலி, வாராந்திரச் சோதனையோடு. ஏக்கர் கணக்கில் திறந்த நிலம் என்றால் செயற்கைக்கோள் பட்டை. சிறிய நாய்க்கும், கயோட்டி நடமாடும் காட்டோரத்துக்கும் முதலாவதைத் தவிர வேறெதையும் சொல்ல மனம் வராது.

நாங்கள் பழைய கம்பியைத் தோண்டி எடுக்கவில்லை. சைகையை நிறுத்திவிட்டு மண்ணிலேயே விட்டுவிட்டோம். செம்பிக்கு இப்போது முகம் நரைத்துவிட்டது. ஷாக் பட்டை கழற்றிய கழுத்தோடு புதிய வேலியருகே மான்களைப் பார்த்து நிற்கிறாள். பழைய எல்லைக்கோட்டின் அருகே போகும்போது மட்டும் இன்னும் ஒரு கணம் நின்று, காதை உயர்த்திக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுகிறாள்.